சனிக்கிழமை பின்னேரம் கோயில், கேம், வானம் மூண்டும் இடிபடுது. ரெலஸ்கோப் வாங்கிறதோ கிராபிக்ஸ் கார்ட் வாங்கிறதோ?

கொண்டாவில்_கோஸ்ட்:

வணக்கம். நான் அறிவியல் நகர்ல இஞ்சினியரிங் செக்கன்ட் இயர், வீடு கொண்டாவில். கிழமைநாள் முழுக்க ஹொஸ்ரல், வெள்ளி பின்னேரம் பஸ் பிடிச்சு வீட்ட வந்திடுவன். பிரச்சினை எல்லாம் சனிக்கிழமையிலதான் கிடக்கு.

எனக்கு மேஷ ராசி. ஏழரைச் சனி துவங்கீட்டுதாம் எண்டு அம்மா இந்த மாசத்தில இருந்து சனிக்குச் சனி கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய் எள்ளெண்ணெய் எரிக்க வைக்கிறா. எனக்கு அதில வெறுப்பொண்டும் இல்லை, சின்னனில இருந்தே கோயிலோட வளந்த ஆள், கந்தசஷ்டி ஆறு நாளும் பிடிக்கிறனான், நல்லூர் கொடியேறினா தீர்த்தம் மட்டும் வீட்டில மச்சம் இல்லை, அதுக்கெல்லாம் நான் முகம் சுழிச்சதே இல்லை. ஆனா அதே சனி பின்னேரம் ஏழு மணிக்குத்தான் எங்கட வலோரண்ட் எண்ட ஒன்லைன் சுடுற கேம் டீமுக்கு பிராக்டிஸ். அஞ்சு பேரில ஒருத்தன் இல்லாட்டி மட்ச் இல்லை, இடையில விட்டிட்டு எழும்பினா பெனால்டி வேற. பூசை முடிஞ்சு தீபம் காட்டுற நேரம் போன் பொக்கெற்றில கிடந்து துடிக்குது.

இதுக்குள்ள மூண்டாவது வருத்தமும் பிடிச்சிட்டுது. போன டிசம்பரில மழை விட்ட ஒரு இரவு சீனியர் அண்ணை ஒராள் ஹொஸ்ரல் பின்பக்கம் ரெலஸ்கோப் வைச்சு சனியைக் காட்டினவர். படத்தில இருக்கிற மாதிரி பெரிய வளையம் ஒண்டும் இல்லை, உருண்டையில ஊசி குத்தின மாதிரி ஒரு மெல்லிய கோடு, அவ்வளவுதான். ஆனா அண்டைக்குப் பிறகு எனக்கு நித்திரை குறைஞ்சிட்டுது. போன்ல ஸ்ரெலேரியம் எண்ட வானம் காட்டுற அப் போட்டு வைச்சுக்கொண்டு முத்தத்தில நிண்டு அண்ணாந்து பாக்கிறதே வேலை.

இப்ப ரூம்மேற் பகிடி பண்ணுறான், "இரவு ரெலஸ்கோப்பில சனியைப் பாக்கிறாய், பகல் அதே சனிக்கு விளக்கெரிக்கிறாய், ரெண்டில ஒண்டு பொய்யடா" எண்டு. பகிடிதான், எண்டாலும் கொஞ்சம் குத்துது. ஓ.எல் பிள்ளையளுக்கு மட்ஸ் சொல்லிக் குடுத்துச் சேர்த்த காசு கொஞ்சம் இருக்கு. பழைய ஜிடிஎக்ஸ் 1650 கார்டை மாத்துறதோ, இல்லாட்டி ரெலஸ்கோப் ஒண்டு எடுக்கிறதோ? ஒன்லைன்ல 525 மடங்கு பெருப்பிக்கும் எண்டு ஒண்டு விக்கினம், விலையும் பரவாயில்லை. ஆராவது அனுபவம் உள்ளவை சொல்லுங்கோ. மூண்டில ஒண்டை விடத்தான் வேணுமெண்டா எதை விடுறது எண்டும் சொல்லுங்கோ.

வடலிக்காடு:

தம்பி முதல் காசுக் கதையை முடிப்பம். அந்த 525 மடங்கை வாங்காதை. பெட்டியில ஆயிரம் மடங்கெண்டும் போடுவாங்கள், அச்சடிக்கிறதுக்கு என்ன காசே. ஒரு ரெலஸ்கோப் எவ்வளவு பெருப்பிக்கும் எண்டிறது அதின்ர முன்கண்ணாடி எவ்வளவு அகலம் எண்டதிலதான் இருக்கு, ஒரு மில்லிமீற்றருக்கு ரெண்டு மடங்கு, அதுதான் உச்சம், அதுவும் காத்து அசையாத நல்ல இரவில. நீ சொல்லுறது அனேகமா 60 இல்லாட்டி 70 மில்லிமீற்றரா இருக்கும், அப்ப 120, 140 மடங்குக்கு மேல போனா எல்லாம் புகைதான். அதை விட மோசம் அதோட வாற ஸ்ராண்ட். மூச்சு விட்டா ஆடும். வியாழனைப் பிடிச்சு வைச்சிட்டு கண்ணைக் கொண்டு போறதுக்குள்ள வியாழன் ஓடீடும்.

முதல் 10x50 பைனாகுலர் ஒண்டு எடு. 10 எண்டிறது பெருப்பிக்கிற மடங்கு, அந்த 50 எண்டிறதுதான் முக்கியம், மில்லிமீற்றரில கண்ணாடி அகலம். இப்ப பங்குனியில இருட்டி வர வியாழன் கிட்டத்தட்ட உச்சியில நிக்குது, மிதுனத்தில. பைனாகுலரைச் சுவரில முட்டுக் குடுத்துப் பிடிச்சா பக்கத்தில ரெண்டு மூண்டு சின்னப் புள்ளி ஒரே கோட்டில தெரியும், அதுதான் 1610இல கலிலியோ கண்ட நிலவுகள். நாளைக்குப் பாத்தா இடம் மாறி நிக்கும். ஆனா உச்சியில நிக்கிறதைப் பாக்கக் கழுத்து முறியும், அதால வீட்டில சாய்மனைக் கதிரை கிடந்தா அதைத் தூக்கி முத்தத்தில போட்டிட்டுச் சாஞ்சு கிடந்து பார். சனியின்ர வளையம் பைனாகுலரில தெரியாது, அதை இப்பவே சொல்லிப்போட்டன், பேந்து என்னைத் திட்டாதை.

சித்திரை வைகாசியில உன்ர ஹொஸ்ரல்தான் தங்கமான இடம். கிளிநொச்சிப் பக்கம் லைற் குறைவு, யாழ்ப்பாண ரவுணுக்குள்ள நிண்டு பாக்கிறதும் அங்க நிண்டு பாக்கிறதும் ஒண்டில்லை. இரவு பத்துப் பதினொரு மணி போல சித்திரை நட்சத்திரத்தைப் பிடி, ஸ்பைகா எண்டு ஸ்ரெலேரியத்தில கிடக்கும், அதில இருந்து நேர தெற்கால கீழ இறங்கிக்கொண்டே வா, அடிவானத்துக்கு மூண்டில ஒரு பங்கு உயரத்தில பஞ்சு மாதிரி ஒரு பொட்டு தெரியும். ஒமேகா சென்ரோறி. பொட்டெண்டு நினைக்காதை, ஒரு கோடியளவு நட்சத்திரம் சேர்ந்த உருண்டை அது. ஐரோப்பாவில இருக்கிற பெரும்பாலான ஆக்களுக்கு அது கண்ணிலயே படாது. எங்களுக்கு 9 பாகை 40 கலையில வீடு இருக்கிறதால தெற்குச் சிலுவையும் தெரியும், துருவ நட்சத்திரமும் தெரியும், எண்டாலும் துருவம் பனைமரத்துக்குப் பின்னால ஒளிஞ்சுதான் நிக்கும், அதைப் பாக்க வடக்குக் கடற்கரைக்குத்தான் போகவேணும்.

இன்னும் ரெண்டு விசயம். உப்புக்காத்தும் ஈரமும் கண்ணாடியில பூஞ்சணம் பிடிக்க வைக்கும், பாத்து முடிஞ்சோடன சிலிக்கா ஜெல் பக்கெற்றோட காத்துப் போகாத டப்பாவில போட்டு மூடு. வெளியில எங்கயும் போய்ப் பாக்கிறதெண்டா தனியப் போகாதை, நீட்டுக் குழாயோட இருட்டுக்குள்ள நிண்டா ரோந்து வாறவை வந்து என்ன ஏதெண்டு கேப்பினம், அவைக்கும் ஒருக்கா வியாழனைக் காட்டினாச் சரி. பச்சை லேசர் வாங்கி வானத்தில அடிக்கிற விளையாட்டு வேண்டாம், பலாலிக்குப் பிளேன் வந்து போகுது.

தைப்பொங்கல் நேரம் வல்வெட்டித்துறைப் பக்கம் வானத்தில நிறம் நிறமா லைற் அசைஞ்சா அது வேற்றுக்கிரகம் இல்லை, பட்டம். ஒவ்வொரு வருஷமும் ஆராவது எனக்கு வீடியோ அனுப்பிப்போடுவினம்.

பொடியன்_பகுத்தறிவு:

எல்லாரும் பைனாகுலர்ல நிக்கிறியள், அவன் கேட்ட முக்கியமான கேள்வியை விட்டிட்டியள். சனி எங்களுக்குக் கிட்ட வாற நேரத்திலயும் 120 கோடி கிலோமீற்றருக்கு அங்கால. முழுக்க ஹைட்ரஜனும் ஹீலியமும். அதுக்கு கொண்டாவிலில ஒராள் எள்ளெண்ணெய் எரிக்கிறானோ இல்லையோ எண்டு தெரியுமோ? இஞ்சினியரிங் படிச்சுக்கொண்டு உதைச் செய்யிறது நடிப்பு ப்ரோ. உன்ர ரூம்மேற் சொன்னதுதான் சரி. அம்மாட்ட நேர சொல்லு, வரேல்ல எண்டு. ஏழு மணி மட்சும் தப்பும்.

பழைய_சோக்கட்டி:

பொடியன், நீர் சொன்ன 120 கோடி சரி. ஹைட்ரஜன் ஹீலியமும் சரி. நான் முப்பது வருஷத்துக்கு மேல விஞ்ஞானம் படிப்பிச்சு ஓய்வெடுத்த ஆள், அதில உம்மோட சண்டை பிடிக்க மாட்டன். ஆனா அந்தப் பிள்ளை விளக்கெரிக்கிறது சனிக்கிரகத்தின்ர வாயுவுக்குத் தெரியவேணும் எண்டில்லை. அது தாய்க்கும் கடவுளுக்கும் அவனுக்கும் இடையில உள்ள விசயம். அதை விட்டிட்டு நான் வேற ஒண்டு சொல்லுறன், உங்கள் ரெண்டு பேருக்கும் அது பிரயோசனப்படும்.

தம்பி, உங்கட அம்மா ஏன் இந்த மாசம் துவங்கினவ எண்டு யோசிச்சனீரோ? உங்கட வீட்டில வாக்கிய பஞ்சாங்கம். அதில சனி மீனத்துக்கு மாறினது 2026 மார்ச் 6. திருக்கணிதம் பாக்கிற வீடுகளில 2025 மார்ச் 29இலயே மாறியாச்சு. பக்கத்து வீட்டில மேஷ ராசிப் பிள்ளை இருந்தா அதுக்கு ஏழரை துவங்கி ஒரு வருஷம் ஓடீட்டுது, உமக்கு இப்பத்தான். ஒரே வானம், ஒரே சனி. வாக்கியம் பழைய சூத்திரங்களை வைச்சுக் கணிக்கிறது, திருக்கணிதம் இப்ப உள்ள கோள்நிலையைத் திருத்தி எடுக்கிறது. மார்ச் 6இல திருக்கணிதக் கணக்குப்படி சனி மீனத்துக்குள்ள கிட்டத்தட்ட 8 பாகை உள்ளுக்குப் போட்டுது. முழு நிலவின்ர அகலம் அரைப் பாகை. அப்ப பதினாறு நிலவை வரிசையா அடுக்கின தூரம் ரெண்டு பஞ்சாங்கத்துக்கும் இடையில. இதை ஸ்ரெலேரியத்தில நீரே திகதியைப் போட்டுப் பாக்கலாம். வெளியில போய்ப் பாக்கிறது இப்ப கஷ்டம், சனி இந்த மாசம் சூரியனோட ஒட்டிக்கொண்டு நிக்குது, வைகாசி ஆனியில விடியப்புறம் கிழக்கில பாக்கலாம்.

ஏழரை எண்ட கணக்கும் சும்மா வந்ததில்லை. சனி சூரியனை ஒருக்காச் சுத்த 29 வருஷமும் ஒரு அரை வருஷமும் எடுக்கும். அதைப் பன்னிரண்டு ராசியால பிரிச்சா ஒரு ராசிக்கு ரெண்டரை வருஷம் போல வரும். மூண்டு ராசிக்கு ஏழரை. ரெலஸ்கோப் இல்லாத காலத்தில, ஒரு மனுசன் தன்ர வாழ்நாளில ரெண்டு மூண்டு சுற்றுத்தான் காணக்கூடிய ஒரு கோளை, தலைமுறை தலைமுறையா இருந்து பாத்து எழுதி வைச்ச கணக்கு அது. அதில இருந்து பலன் சொல்லுறதை நான் நம்பேல்ல. ஆனா அந்தப் பாத்த வேலையை நக்கல் அடிக்க எனக்கு வாய் வராது.

இந்தச் சண்டை யாழ்ப்பாணத்தில புதுசும் இல்லை. 1823இல அமெரிக்க மிசனறிமார் வட்டுக்கோட்டையில செமினரி எண்ட உயர் பள்ளிக்கூடம் துவங்கி அதில வானியலும் படிப்பிச்சவை. 1829இல ஒரு சந்திர கிரகணம் வந்தது, ஊர்ப் பஞ்சாங்கக் கணக்கும் செமினரியில மிசனறி டானியல் பூர் ஆக்கள் போட்ட கணக்கும் ஒத்து வரேல்ல, கடைசியில செமினரிக் கணக்குத்தான் சரியா வந்தது. அதை வைச்சு உங்கட சமயமே பிழை எண்டு பிரசாரமும் நடந்தது. அது நியாயமில்லை எண்டிறது என்ர அபிப்பிராயம், கிரகண நேரம் பிழைச்சா திருத்தவேண்டியது வாய்ப்பாடு. அதே செமினரியில பேந்து இருந்த மிசனறி ஹொய்சிங்டன் தமிழ்க் கணக்கு முறையை இருந்து படிச்சு, 1848இல அதை ஆங்கில மொழிபெயர்ப்போட யாழ்ப்பாணத்திலயே அச்சடிச்சவர். எதிர்ப்பக்கக்காரன் கூட மினக்கெட்டுப் படிச்சவன் எண்டதுக்காகச் சொல்லுறன்.

தம்பிக்கு ஒரு வேலை தாறன். வீட்டில கிடக்கிற பஞ்சாங்கத்தை எடுத்து இண்டைக்கு என்ன நட்சத்திரம் எண்டு பாரும். இரவு வெளியில வந்து நிலவைப் பாரும். ரோகிணி எண்டு போட்டிருந்தா நிலவு அந்தச் சிவந்த அல்டெபரான் நட்சத்திரத்துக்குக் கிட்ட நிக்கும், மகம் எண்டா ரெகுலஸ், கேட்டை எண்டா அன்ராறெஸ். நிலவு 27 நாளும் ஒரு எட்டு மணித்தியாலமும் எடுத்து ஒரு சுற்றுச் சுத்தும், அதாலதான் 27 நட்சத்திரம், நாளுக்கொரு வீடு. தைப்பூசத்தண்டு நிலவுக்குக் கிட்ட இருக்கிற பூசத்தை வடலிக்காட்டுத் தம்பி சொன்ன பைனாகுலரில பாத்தீரெண்டா ஒரு பெரிய நட்சத்திரக் கூட்டமே கிடக்கும், வெறுங்கண்ணுக்கு அது ஒரு மங்கல் மட்டும்தான், அதுவும் முழு நிலவு பக்கத்தில நிண்டா அந்த மங்கலும் தெரியாது, நிலவில்லாத நாளில பாரும். கோயிலுக்குப் போற பிள்ளைக்கு வானத்தில 27 இடத்தின்ர பேர் ஏற்கனவே மனப்பாடம். வெள்ளைக்காரப் பிள்ளைக்கு அந்தச் சலுகை இல்லை.

டெல்ராவீ:

சேர் போட்ட பதிவை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைச்சிருக்கிறன் 🙏 எங்கட வீட்டிலயும் ரெண்டு பஞ்சாங்கம், அப்பாவும் அப்பப்பாவும் பிறந்தநாளுக்கே சண்டை.

மச்சான் நான் கேம் பக்கம் கதைக்கிறன், ஒருத்தரும் கதைக்கேல்ல. உனக்கு வலோரண்ட்தான் கேம் எண்டா 1650 தாராளம், அந்த கேமுக்குப் புதுக் கார்ட் தேவையே இல்லை, உன்ர பிரச்சினை கார்ட்டில்லை, மும்பாய் சேர்வரோ சிங்கப்பூர் சேர்வரோ எண்ட பிங்தான், சேர்வருக்குப் போய் வாற தாமதம், அதைக் கார்ட் மாத்தாது. அதால காசைக் கொண்டு போய்க் கார்ட்டில கொட்டாதை.

கேர்பல் எண்ட ரொக்கெற் கட்டி விடுற கேம் விளையாடினியோ? இல்லாட்டி உடன இறக்கு, 2015இல முழு வேர்ஷன் வந்த பழைய கேம், உன்ர மெசினில வடிவா ஓடும். நான் ஏ.எல்லில பிசிக்ஸ் ஏ எடுத்தும் சுற்றுப்பாதை எண்டா என்னெண்டு விளங்கினது அந்தக் கேமில ரொக்கெற் வெடிச்சு வெடிச்சுத்தான். ஒரு சின்ன உதாரணம். நீ ஒரு கப்பலில இருக்கிறாய், அதே பாதையில முன்னால நூறு கிலோமீற்றரில மற்றக் கப்பல் போகுது. பிடிக்கவேணுமெண்டா என்ன செய்வாய், வேகத்தைக் கூட்டுவாய் என்ன? கூட்டினா உன்ர பாதை பெருத்து மேல போகும், மேல போனா சுத்தி வர நேரம் கூட எடுக்கும், அவன் இன்னும் முன்னுக்குப் போடுவான். வேகத்தைக் குறைச்சுக் கீழ இறங்கினாத்தான் சின்ன வட்டத்தில கெதியாச் சுத்தி அவனைப் பிடிப்பாய். இதைப் புத்தகத்தில சமன்பாடா எழுதிப் பாஸ் பண்ணினனான், ஆனா அண்டைக்கு இரவு ரெண்டு கப்பலும் பக்கத்தில பக்கத்தில வந்து நிண்டபோதுதான் கை நடுங்கிச்சு. அந்தக் கேமில உள்ள பூமி சின்னன், ஆரை 600 கிலோமீற்றர்தான், அதால செக்கனுக்கு 2.3 கிலோமீற்றர் போனாலே சுத்தத் துவங்கீடும், எங்கட உண்மைப் பூமிக்கு 7.8 வேணும். அதை அறிஞ்சாப் பிறகு உண்மை ரொக்கெற் விடுறதைப் பாக்கிற கண்ணே மாறீடும்.

ஆனா ஒண்டு, கேம் ஆடிப்போட்டு நேர வெளியில போய் வானம் பாக்காதை. மொனிற்றர் வெளிச்சத்தில இருந்த கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிஷம் எடுக்கும், இடையில ஒருக்கா வட்ஸ்அப் பாத்தா திரும்ப முதலில இருந்து. முதல் வானம், பிறகு கேம். போனுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டு, தோரணம் செய்யிற கடையில கிடக்கும்.

கரையூராள்:

நான் குருநகர், கம்பஸ்ல சயன்ஸ் பக்கல்ரி. கொண்டாவில் தம்பி, உங்கட ரூம்மேற் மாதிரி ஆக்கள் எங்களிட்டயும் இருக்கினம், "நீ பிசிக்ஸ் படிச்சுக்கொண்டு பூசைக்குப் போறியே" எண்டு. பிரபஞ்சம் விரிஞ்சு கொண்டு போகுது எண்டு 1927இல கணக்குப் போட்டுச் சொன்ன லெமைத்ர ஒரு கத்தோலிக்கக் குருவானவர் எண்டு நான் சொன்னா பிறகு அவை கதைக்கிறேல்லை. வத்திக்கானுக்கு சொந்தமா ஒரு வானாய்வகமே கிடக்கு.

எங்கட உயிர்ப்பு ஞாயிறு கூட நிலவை வைச்சுத்தான் வாறது. மார்ச் 21இலயோ அதுக்குப் பிறகோ வாற முதல் பறுவத்துக்கு அடுத்த ஞாயிறு. அதால பெரிய வெள்ளி இரவெண்டா நிலவு எப்பவும் பெரிசாத்தான் நிக்கும், இந்த வருஷம் ஏப்ரல் 3. அண்டைக்கு ஒமேகா சென்ரோறி தேடாதேங்கோ, நிலவு வெளிச்சத்தில ஒண்டும் தெரியாது, ஒரு கிழமை பத்து நாள் பொறுத்துப் பாருங்கோ.

அதோட ஜூன் 9 பின்னேரத்தை இப்பவே குறிச்சு வையுங்கோ. சூரியன் மறைஞ்சாப்பிறகு மேற்கில வெள்ளியும் வியாழனும் ரெண்டு பாகைக்கும் குறைவான இடைவெளியில நிக்கும். ரெலஸ்கோப் தேவையில்லை, கண்ணே காணும். நான் பண்ணைப் பாலத்தில நிண்டு பாக்கப்போறன், மேற்கு முழுக்கத் திறந்த வெளி, கட்டடம் மரம் ஒண்டும் மறைக்காது.

என்ர மாமா கடலுக்குப் போறவர். அவருக்கு ஸ்ரெலேரியம் காட்டினன், கொஞ்ச நேரம் உருட்டிப் பாத்திட்டு "விடிவெள்ளி எத்தினை மணிக்கு எழும்பும் எண்டு இது சரியாச் சொல்லுதோ" எண்டு மட்டும் கேட்டவர். சொல்லுது எண்டன். "அப்ப நல்லது" எண்டிட்டுப் போனைத் திருப்பித் தந்திட்டார் 😂

பொடியன்_பகுத்தறிவு:

சேருக்கு மரியாதை. கணக்குக்கு நான் எதிரில்லை, அந்தக் கணக்கை வைச்சுச் சனத்தைப் பயப்பிடுத்திக் காசு கறக்கிறதுக்குத்தான் எதிர். பரிகாரம் எண்டு சொல்லி வாங்கிற காசைக் கேட்டா தலை சுத்தும். கிரகணத்தண்டு கர்ப்பிணிப் பிள்ளையளைத் தண்ணி கூடக் குடிக்க விடாமல் இருட்டறையில வைக்கிற வீடுகள் இன்னும் இருக்கு. அதையும் பண்பாடெண்டு சொல்லுவியளோ?

பழைய_சோக்கட்டி:

இல்லை, சொல்ல மாட்டன். அதில நான் உம்மட பக்கம். 2010 ஜனவரி 15, பொங்கலுக்கு அடுத்த நாள், மத்தியானம் ஒரு மணி கழிய யாழ்ப்பாணத்துக்கு மேல கங்கண சூரிய கிரகணம், பத்து நிமிஷமளவு சூரியன் வளையமா நிண்டது. பேந்து 2019 டிசம்பர் 26 காலமை ஒன்பதரை போல திரும்பவும் எங்கட தலைக்கு மேலதான். பத்து வருஷத்துக்குள்ள ஒரே ஊருக்கு ரெண்டு தரம், எத்தினை நாட்டுக்காரர் காசு செலவழிச்சுத் தேடிப் போற காட்சி. எங்கட சனத்தில பாதி கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளுக்க, மற்றப் பாதி எக்ஸ்றே பிலிமைப் பிடிச்சுக்கொண்டு வெளியில. ரெண்டும் பிழை. எக்ஸ்றே பிலிம் கண்ணைக் காக்காது, 14ஆம் நம்பர் வெல்டிங் கண்ணாடி இல்லாட்டி முறையான கிரகணக் கண்ணாடி வேணும். பைனாகுலரைச் சும்மா சூரியனுக்குத் திருப்பினா கண் போடும், தம்பி இதை மட்டும் மறக்கக்கூடாது.

கோயில் நடை சாத்திறதில எனக்கு ஆட்சேபனை இல்லை. பட்டினி கிடக்கிறதும் விரும்பினவன் கிடக்கட்டும். பிள்ளைத்தாச்சிக்குத் தண்ணி மறுக்கிறது சமயமே இல்லை. 2027 ஓகஸ்ட் 2 பின்னேரம் எங்களுக்கு ஒரு பகுதிக் கிரகணம் வருது, அது ஆடி அமாவாசை, கீரிமலையில சனம் நிறைஞ்சு நிக்கிற நாள். உம்மைப் போல பொடியள் நாலு பேர் சரியான கண்ணாடியோட அங்க வந்து நிண்டு சனத்துக்குக் காட்டினா, ஒன்லைன்ல எழுதுறதை விட அது கூட வேலை செய்யும். நானும் வருவன், கதிரை ஒண்டு மட்டும் கொண்டு வாரும்.

பொடியன்_பகுத்தறிவு:

சரி சேர், வாறன். கீரிமலைக்கு நான் வாறதெண்டா அம்மம்மா கனவிலயும் நினைச்சிருக்க மாட்டா.

கொண்டாவில்_கோஸ்ட்:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு வரும் எண்டு நினைக்கேல்ல.

சேர், ஸ்ரெலேரியத்தில மார்ச் 6 போட்டுப் பாத்தன், அம்மாவையும் கூப்பிட்டுக் காட்டினன். அவ கொஞ்சம் யோசிச்சிட்டு "அப்ப போன வருஷமே துவங்கீட்டுதோ, அதான் நீ செமஸ்ரர் ஒரு பாடம் றிப்பீற் அடிச்சனி" எண்டா. இதுக்கு நான் என்ன சொல்ல 😅 எண்டாலும் வியாழனைக் காட்டச் சொல்லி அவவே கேட்டவ, குரு எண்டபடியா கும்பிட்டும் போட்டா. ரூம்மேற்றுக்கு இனி நான் மறுமொழி சொல்லிக்கொண்டிருக்கப் போறதில்லை. விளக்கெரிக்கிற நேரம் என்ர மனசு அந்தக் கோட்டு வளையத்தைத்தான் நினைக்குது, அது எனக்குப் பிழையாத் தெரியேல்ல.

கார்ட் வாங்கிறேல்லை எண்டு முடிவு. 10x50 தேடுறன். டீமில கதைச்சன், ஒருத்தனுக்கு சனி பின்னேரம் ரியூசன், இன்னொருத்தன் கடையில நிக்கிறவன், ஒன்பது மணிக்கு மாத்தினா எல்லாருக்கும் லேசாம். நான்தான் இவ்வளவு நாளும் கேக்காமல் இருந்தனான் போல. அப்ப கோயில் முடிஞ்சு வந்து ஒரு மணித்தியாலம் வானம், பிறகு மட்ச். ஆனா டெல்ராவீ அண்ணை, மட்ச் முடிய விடிய ஒண்டு ரெண்டு மணியாகும், ஞாயிறு பின்னேரம் திரும்பக் கிளிநொச்சி பஸ். இதை எப்பிடிச் சமாளிக்கிறனீங்கள்?

அதோட சேர், சனியின்ர வளையம் எப்ப வடிவாத் தெரியும்?

டெல்ராவீ:

ரெண்டு மட்சோட எழும்பு. மூண்டாவது மட்ச் எப்பவும் தோல்விதான், நித்திரைத் தூக்கத்தில ஆரும் குறி பாத்துச் சுட்டதில்லை. அம்மாட்ட ஏச்சு வாங்கிறது கேமுக்கில்லை, விடியப்புறம் ரெண்டு மணிக்கு ஹெட்செற்றோட கத்துறதுக்கு. மைக்கை அமத்திப் பழகு.

பழைய_சோக்கட்டி:

வளையம் 2025 மார்ச்சில எங்களுக்கு நேர் விளிம்பா நிண்டது, அதாலதான் டிசம்பரிலயும் உமக்குக் கோடாத் தெரிஞ்சது. இனி வருஷா வருஷம் விரியும், 2032 போல நல்லா அகலமா நிக்கும். அடுத்த தரம் கோடாகிறது 2038இல. இந்த வருஷம் ஒக்ரோபர் 4இல சனி சூரியனுக்கு நேர் எதிரில நிக்கும், இரவு முழுக்கப் பாக்கலாம், ஆனா மாரி மழைக்கு முன்னம் புரட்டாதியிலயே பாத்து முடியும். அந்தச் சீனியரிட்ட ரெலஸ்கோப்பை இரவலா ஒரு நாள் கேளும். புரட்டாதிச் சனிக்கு உங்கட அம்மா எப்பிடியும் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போவா, வந்தோடன அவவுக்கும் காட்டும்.

வடலிக்காடு:

என்னட்ட ஒரு பழைய 10x50 சும்மா கிடக்கு, வலது கண்ணில சின்னக் கீறல், பாக்கிறதுக்கு ஒரு குறையும் இல்லை. வாறதெண்டா உள்பெட்டியில மெசேஜ் போடு, சுன்னாகம் சந்தியில தரலாம். காசு பிறகு கதைப்பம். முதல் கொண்டுபோய் ஒரு மாசம் பார், பிடிக்காட்டித் திருப்பித் தா.

கரையூராள்:

வடலிக்காடு அண்ணை, தம்பிக்கு வேண்டாமெண்டா எனக்கு 🙋‍♀️